பதினான்காம் மேசையில் நான் சிரித்த சிரிப்பு

1

“…மேல் படியில நிண்டால் எல்லா மேசையும் தெரியும், சிவா. நீ சிரிச்சதையும் பார்த்தனான்.”

ஜோர்ஜ் இதைச் சொன்னது போன செவ்வாய்க்கிழமை, பாட்டுப் பயிற்சியின் இடைவேளையில். அவர் பேசியது இங்கிலிஷ்தான். ஆனால் எட்டு வருடமாக ஒருவரோடு தோள் உரச நின்று பாடினால், அவருடைய பேச்சு உங்கள் வீட்டுப் பேச்சாகவே காதில் விழத் தொடங்கிவிடும். எனக்குக் கேட்ட மாதிரியே எழுதுகிறேன்.

அதைச் சொல்லிவிட்டு ஜோர்ஜ் என்ன செய்தார் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முதல் நான் செய்ததைச் சொல்லவேண்டும். வழக்கமாக நான் உங்களுக்கு எழுதுகிற பத்திரிகைக் குறிப்புகளில் மற்றவர்களைப் பார்த்துச் சிரிப்பேன். பஸ்ஸில் சந்தித்தவர், அரசாங்கக் கந்தோரில் படிவத்தை மூன்று தரம் திருப்பித் தந்த பெண், பனிக்குள் செருப்போடு இறங்கிய புது மாப்பிள்ளை. நீங்களும் ஊரில் இருந்து வாசித்துச் சிரித்ததாகக் கடிதம் போடுவீர்கள். இந்த முறை அப்படி இல்லை. சிரித்ததுதான் குற்றம்.

2

இங்கே கனடாவில், வெக்ஸ்போர்ட் என்கிற பகுதியில், ஒரு பள்ளிக்கூடத்தில் நான் கெயார்ரேக்கர். கூட்டுவது, துடைப்பது, கதிரை அடுக்குவது, கடைசியாகக் கதவு பூட்டுவது. செவ்வாய்க்கிழமை பின்னேரங்களில் உடற்பயிற்சி மண்டபத்தை ஒரு பாட்டுக் குழு வாடகைக்கு எடுக்கும். முப்பது ஆண்கள். அநேகமாக எல்லாருக்கும் எழுபது தாண்டிவிட்டது. மத்தளம், பெட்டி, ஒன்றுமே கிடையாது. குழுவை நடத்துகிற வால்ற்றர் சட்டைப் பையில் இருந்து பிஸ்கற் அளவில் ஒரு சுருதிக்குழலை எடுத்து ஒரு சுரம் ஊதுவார். முப்பது பேரும் நாலு குரலாகப் பிரிந்து அதிலிருந்து எழும்புவார்கள்.

இதற்குப் பார்பர்ஷொப் பாட்டு என்று பெயர். அந்தக் காலத்தில் அமெரிக்காவில் முடிவெட்டும் கடையில் முறைக்காகக் காத்திருந்தவர்கள் பொழுதுபோகாமல் பாடியதில் இருந்து வந்த பெயராம். இதை எனக்கு விளக்கியவர் ஜோர்ஜ். “என்ர அப்பாவும் ஹலிபாக்ஸில சலூன் வைச்சிருந்தவர். அங்க தலைமயிர் விழுந்ததைவிடப் பாட்டுத்தான் கனக்க விழுந்தது” என்பார். ஆட்கள் இப்படிச் சொல்லுகிறதைக் கேட்டுச் சேர்த்துவைப்பது எனக்கொரு வருத்தம், மருந்தில்லாத நோய். பையில் ஒரு சின்னக் கொப்பி வைத்திருக்கிறேன். ஜோர்ஜ் அதில் பத்துப் பக்கத்துக்கு மேல் இருக்கிறார்.

நான் வெளியே நடைபாதையைத் துடைத்துக்கொண்டு, அடிக்குரல் போகிற வழியில் முனகிக்கொண்டு இருப்பேன். ஒருநாள் கதவைத் திறந்துகொண்டு வால்ற்றர் வந்தார். முறைப்பாடு என்று நினைத்து “சொறி” என்றேன். இந்த நாட்டில் முதலில் படித்த சொல் அதுதான், கைவசம் எப்போதும் இருக்கும். அவர், “சொறி வேண்டாம், உள்ளுக்கு வா. எங்களுக்கு அடிக்குரல் காணாது” என்றார்.

எனக்கு நோட்டு வாசிக்கத் தெரியாது. ஜோர்ஜ் தன் குரலில் என் பகுதியைப் பாடிப் போனில் அனுப்புவார். அதைக் காதில் போட்டுக்கொண்டு துடைப்பேன். ஒரு பாட்டுக்கு ஆறு வகுப்பறை கணக்கு. செவ்வாயில் மட்டும் காலை வேலைக்கு மாற்றித் தரும்படி மேலாளரிடம் கேட்டு, அவர்களோடு மேல் படியில் ஜோர்ஜுக்குப் பக்கத்தில் ஏறி நின்றேன்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். நான் அகதியாக வந்து இறங்கியபோது விமான நிலையத்தில் படிவம் நிரப்பியவர் என் பெயரையும் அப்பாவின் பெயரையும் இடம் மாற்றிவிட்டார். திருத்தக் கேட்டால் சத்தியக் கடதாசி, பிறப்பு அத்தாட்சி, அதன் மொழிபெயர்ப்பு, மொழிபெயர்ப்பாளரின் அத்தாட்சி. விட்டுவிட்டேன். இருபத்தெட்டு வருடமாக வேலையிடத்தில் எல்லாரும் கந்தையா, கந்தையா என்று என் தகப்பனைத்தான் கூப்பிடுகிறார்கள். சம்பளமும் அவருக்குத்தான் வருகிறது. முதல்நாளே ஜோர்ஜ் கேட்டார், “இதில எது நீ?” இந்த நாட்டில் அப்படிக் கேட்ட முதல் மனிதர். சிவபாதம் என்றேன். அன்றைக்கே சிவா ஆனேன்.

3

இப்படிப்பட்ட ஒரு இடத்தை நான் எட்டு வருடம் ஒளித்து வைத்திருந்தேன்.

மனைவி கமலாவுக்கும் மகள் அபிக்கும் தெரியும். வேறு ஒரு தமிழருக்கும் தெரியாது. செவ்வாயில் யாராவது வீட்டுக்கு வரப்போகிறோம் என்றால் “ஓவர்ரைம்” என்று சொல்வேன். மண்டபத்துக்குப் பின்கதவால் போவேன். குழுவின் உடுப்பு சிவப்பும் வெள்ளையும் வரிபோட்ட வேஸ்ற்கோட், கழுத்தில் வண்ணத்துப்பூச்சிக் கட்டு, வைக்கோல் தொப்பி, வெள்ளைச் சப்பாத்து. கமலா அதை மற்றத் துணிகளோடு கொடியில் காயப் போடமாட்டாள். “சேர்க்கஸ் வந்திட்டுது எண்டு சனம் ரிக்கற் கேக்கும்” என்பாள். சொன்னாலும் அயன் பண்ணித் தருவாள்.

“என்னத்துக்கு ஒளிக்கிறியள்? களவோ எடுத்தனீங்கள்?” என்றும் கேட்டிருக்கிறாள்.

அபி இங்கே பிறந்தவள், இப்போது பல்மருத்துவக் கிளினிக் ஒன்றில் வேலை. “அப்பா, இற்ஸ் சோ கியூட். என்ர பிரெண்ட்ஸ் எல்லாருக்கும் வீடியோ காட்டினனான்” என்பாள். தமிழ்ப் பிரெண்ட்ஸுக்குக் காட்டவேண்டாம் என்று சொன்னேன். ஏன் என்று கேட்டாள். உடுப்பு, தொப்பி, வயது என்று ஏதோ சொல்லி மழுப்பினேன்.

உண்மைக் காரணம் உடுப்பு அல்ல, பார்பர்ஷொப் என்ற பெயர். அதை அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை, தெரியும். ஊரில் எங்கள் வீட்டுக்கு முடி வெட்ட வருகிறவர் பின்வளவுப் பக்கத்தால்தான் வருவார். என் அப்பாவைவிட மூத்தவர். எட்டு வயதுப் பொடியன் நான், அவரைப் பேர் சொல்லி “வா, இரு” என்பேன். அவருக்குத் தேத்தண்ணி குடிக்கத் தனிப் பேணி. அது கிணற்றடி மதிலில் கவிழ்த்து இருக்கும். வேறு ஒருவரும் தொடமாட்டோம். ஒருவரும் அதைப் பிழை என்று சொல்லித் தரவும் இல்லை. உடுத்த உடுப்போடு ஓடிவந்தோம் என்று இங்கே மேடைக்கு மேடை சொல்கிறோம். இதை மட்டும் மறக்காமல் கொண்டுவந்து சேர்த்திருக்கிறோம். சங்கக் கூட்டங்களில், கலியாணப் பேச்சுகளில், யாராவது “உவன் ஆரெண்டு தெரியுமோ?” என்று குரலைத் தாழ்த்தும்போது அது வெளியே வரும். நான் பார்பர்ஷொப் குழுவில் பாடுகிறேன் என்று தெரிந்தால் என்ன பகிடி வரும் என்று எனக்குத் தெரியும். அந்தப் பகிடிக்குப் பயந்தேன். அது கேவலமான பகிடி என்று தெரிந்துகொண்டே பயந்தேன்.

4

ஒரு செவ்வாய் வால்ற்றர் கடிதம் ஒன்றை ஆட்டிக்கொண்டு வந்தார். “சிவா, உன்ர ஆக்கள் எங்களைக் கூப்பிட்டிருக்கினம்!”

ஊரில் நான் படித்த பள்ளிக்கூடத்தின் பழைய மாணவர் சங்கம் இங்கே வைக்கிற ஆண்டு விருந்து. அரசியல்வாதிகள் வருகிறார்கள், அதனால் பல இன நிகழ்ச்சி ஒன்று வேண்டுமாம். சங்கத்தின் இளம் பொடியன் ஒருவன் இணையத்தில் தேடி எங்கள் குழுவைப் பிடித்திருக்கிறான். நான் அதில் இருப்பது அவனுக்குத் தெரியாது. வால்ற்றர் பள்ளிக்கூடத்தின் பெயரை எழுத்துக் கூட்டி வாசித்தார். முப்பது பேரும் என்னைப் பார்த்துக் கைதட்டினார்கள்.

அந்த விருந்துக்கு என் மச்சான் ஏற்கெனவே ஒரு மேசை எடுத்து, எனக்கும் கமலாவுக்கும் அபிக்கும் இடம் போட்டிருந்தார். அப்போதே சொல்லியிருக்கலாம். இரண்டு பக்கத்திலும் சொல்லியிருக்கலாம். “நல்லது” என்று மட்டும் சொன்னேன்.

வால்ற்றர் அதோடு விடவில்லை. “விருந்துக்குப் போறம். அவையின்ர பாஷையில ஒரு வரியாவது பாடாமல் எப்பிடிச் சாப்பிடுறது? உங்கட வீட்டுக்கு ஒருத்தர் வந்தால் என்ன சொல்லுவியள்?”

யோசிக்காமல் வந்தது: வாருங்கோ, இருங்கோ, சாப்பிட்டுப் போங்கோ.

அதையே பாட்டாக்கிவிட்டார். “வாருங்கோ” என்பதை அடிக்குரலில் ஒருவர் மட்டும் தொடங்கவேண்டும். அது நான். “இருங்கோ” என்பதில் நடுக்குரல்கள் வந்து சேரும். “சாப்பிட்டுப் போங்கோ” என்பதில் நாலு குரலும். அந்தக் கடைசி ஓசையை இழுத்துப் பிடிக்கவேண்டும். நாலும் ஒன்றுக்குள் ஒன்று சரியாகப் பூட்டிக்கொண்டால், ஒருவருமே பாடாத ஐந்தாவது குரல் ஒன்று எல்லாருக்கும் மேலே கேட்கும். இந்தப் பாட்டுக்காரர் அதற்காகத்தான் உயிரை விடுகிறார்கள்.

ஐந்து கிழமை பழக்கினேன். ஓய்வுபெற்ற வங்கி மனேச்சர் ஒருவரும், கூரை வேலை செய்த இத்தாலியர் ஒருவரும், ஸ்ரீற்கார் என்கிற தெரு ரயில் ஓட்டி ஓய்வுபெற்ற ஜோர்ஜும் என் வாயைப் பார்த்துப் பார்த்துச் சொன்னார்கள். “சாப்பிட்டு” என்பதில் எல்லாரும் இடறினார்கள். ஜோர்ஜ் அதை உள்ளங்கையில் எழுதிக்கொண்டு திரிந்தார். டோர்செட் பார்க்கில் பஸ்ஸுக்கு வாங்கில் காத்திருந்த எங்கள் பெண்கள் இருவரிடம் “வாருங்கோ, இருங்கோ” என்று சொல்லிப் பார்த்தாராம். “ரெண்டு பேரும் சிரிச்சுப்போட்டு எனக்குச் சீற் விட்டவை. இதைவிட நல்ல பாஷை இருக்கோ?” என்றார். கொப்பியில் எழுதினேன்.

கடைசிப் பயிற்சியில் அந்த ஐந்தாவது குரல் கேட்டது. ஜோர்ஜ் என் தோளை இறுக்கிப் பிடித்தார். என் தமிழ், இத்தனை வாய்களால் வந்து, கூரைக்குக் கீழே தனியாக நின்றது. என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷப்பட்ட தருணங்கள் குறைவு. அப்படியும் அன்று வீட்டுக்குப் போகும்போது நான் யோசித்தது, நந்தன் அண்ணை என்னைப் பார்க்காமல் எப்படி மேடையில் நிற்கலாம் என்பதைத்தான்.

5

நந்தன் அண்ணை யார் என்று சொல்லவேண்டும். பள்ளிக்கூடத்தில் எனக்கு நாலு வகுப்பு மூப்பு. நான் வந்து இறங்கியபோது சென் ஜேம்ஸ் ரவுணில் ஒரு படுக்கையறை வீட்டில் ஆறாவது ஆளாக என்னைப் படுக்கவிட்டவர், தன் குளிர்க்கோட்டைத் தந்தவர். இப்போது வீடு விற்கும் தொழிலில் பெரிய ஆள், சங்கத் தலைவர். அவர் என்னைப் பற்றி நல்லதாகச் சொன்னால் இரண்டு நாளைக்கு எனக்குச் சாப்பாடு வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை மதிய விருந்து. அழைப்பிதழில் பன்னிரண்டு மணி. எங்கள் ஆட்களுக்குத் தெரியும், அது ஒன்றரை. எனக்கும் தெரியும். ஆனால் குழுவிடம் நான் சொல்லவில்லை. எங்கள் சனத்தை நான் ஏன் காட்டிக்கொடுப்பான் என்று நினைத்தேன். அவர்கள் பதினொன்றரைக்கே முழு உடுப்போடு வந்துவிட்டார்கள். அது கலியாண மண்டபம். மணப்பெண் உடுத்து வெளிக்கிடுகிற அறையில் அவர்களை இருத்தினார்களாம். முப்பது கிழவர்கள், பதினொரு கதிரை. நாங்கள் ஒரு மணிக்கு வந்து சேர்ந்தோம்.

நான் வால்ற்றரிடம் சொல்லி வைத்திருந்தது இதுதான்: நான் குடும்பத்தோடு மேசையில் இருப்பேன், பேர் கூப்பிட்டதும் காரில் இருக்கிற வேஸ்ற்கோட்டைப் போட்டுக்கொண்டு ஓடிவருவேன்.

விளக்கு ஏற்ற ஒன்பது பேர். அகவணக்கம். கனேடிய கீதம், பள்ளிக்கூடக் கீதம். வரவேற்புரை, தலைமையுரை, பொன்னாடைகள். இரண்டரை தாண்டியது. மண்டபம் பசியில் நெளிந்தது. கடைசியில் அறிவிப்பாளர், “அடுத்ததாக ஒரு சிறப்பு இசை நிகழ்ச்சி, அதோடு சாப்பாடும் திறந்திருக்கு” என்றார். அவ்வளவுதான். பாதிச் சனம் எழும்பிச் சாப்பாட்டுக் கோப்பை எடுக்கப் போனது.

எங்கள் மேசை பதினாலாம் நம்பர். நந்தன் அண்ணை மேசை மேசையாகக் கைகொடுத்துக்கொண்டு வந்து என் பக்கத்தில் இருந்தார். அப்போது பக்கக் கதவால் இரண்டு வரிசையாக அவர்கள் வந்தார்கள். சிவப்பு வரி வேஸ்ற்கோட், வைக்கோல் தொப்பி. கால் ஏலாத இருவரை மற்றவர்கள் பிடித்துப் படியில் ஏற்றினார்கள். நான் கதிரையில் இருந்து அரைவாசி எழும்பினேன். மெய்யாகத்தான் எழும்பினேன்.

“எங்க போறாய்? இரு. சனம் குறையட்டும், பிறகு சாப்பாடு எடுக்கலாம்” என்று நந்தன் அண்ணை என் முழங்கையைப் பிடித்து இருத்தினார். பிறகு மேடையைப் பார்த்தார். “டேய், உவை ஆர்?”

மச்சான் நிகழ்ச்சி நிரலைப் பார்த்து, “பார்பர்ஷொப் எண்டு போட்டிருக்கு, அண்ணை” என்றார்.

“பார்பரோ?” நந்தன் அண்ணை குரலைத் தாழ்த்தினார். அந்தத் தாழ்த்தல் எனக்குத் தெரியும். “ஊரில பின்வளவால வந்தவையை இஞ்ச மேடையில ஏத்தி வைச்சிருக்கிறியளோ?”

மேசை வெடித்துச் சிரித்தது.

மேடையில் வால்ற்றர் கண்ணுக்கு மேல் கையை வைத்துக் கூட்டத்துக்குள் என்னைத் தேடினார். மேல் படியில் ஜோர்ஜ், தன் பக்கத்தில் ஒரு ஆள் நிற்க இடம் விட்டு நின்றார். அவர் என்னைக் கண்டுவிட்டார். கையைக் காட்டி “வா” என்றார். கடிக்க என்று முதலே மேசையில் வைத்த றோல்ஸ் ஒன்று எனக்கு முன்னால் இருந்தது. அதைப் பிரித்து உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்தேன். பிறகு மேசைக்குக் கீழே போனை வைத்து வால்ற்றருக்கு எழுதினேன்: வயிற்றுவலி, வர ஏலாது, மன்னிக்கவும்.

வால்ற்றர் போனைப் பார்த்தார். திரும்பி ஜோர்ஜைக் கையால் காட்டினார். சுருதியை ஊதினார்.

ஜோர்ஜ் தனியாகத் தொடங்கினார். “வாருங்கோ.”

எழுபத்தாறு வயது. அந்தப் பகுதியை அவர் ஒருநாளும் தனியாகப் பாடியது கிடையாது. குரல் முதல் எழுத்தில் ஆடி, பிறகு நின்றது. கரண்டிச் சத்தம், கதிரை இழுக்கிற சத்தம், “மட்டன் முடிஞ்சுதாம்” என்று யாரோ சொன்ன சத்தம், எல்லாவற்றுக்கும் நடுவில் அது வந்தது. ஒரு பிள்ளை “அம்மா, தமிழில பாடுகினம்!” என்று கத்தியது. இரண்டு மூன்று மேசையில் கைதட்டினார்கள். நந்தன் அண்ணை கழுத்தை நீட்டி, தாடையைக் கீழே இழுத்து, ஜோர்ஜைப் போலவே “வா…ருங்…கோ” என்று நெளித்தார். இரண்டு விரலைக் கத்தரிக்கோல் மாதிரி என் காதடியில் வெட்டிக் காட்டினார்.

நான் சிரித்தேன்.

மரியாதைக்குச் சிரித்த சிரிப்பு என்று எனக்கு நானே இரண்டு நாள் சொல்லிப் பார்த்தேன். இல்லை. வாயைத் திறந்து, தலையைப் பின்னால் போட்டு, மற்றவர்களைவிடப் பலமாகச் சிரித்தேன். நான் உங்களில் ஒருவன், அவர்களில் ஒருவன் இல்லை என்று காட்டுகிறதுக்கு அவ்வளவு பலம் தேவைப்பட்டது.

தலையை நிமிர்த்தியபோது எதிரே அபி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஐந்து கிழமையாக நான் வீட்டின் கீழ்த்தளத்தில் அந்த வரியைப் பாடிப் பழகியதைக் கேட்டவள். கமலா தலையைக் குனிந்து கைக்குட்டையை மடித்துக்கொண்டிருந்தாள். மேடையில் “சாப்பிட்டுப் போங்கோ” முடிந்தது. ஐந்தாவது குரல் கேட்டதா என்று எனக்குத் தெரியாது. அந்தச் சத்தத்துக்குள் கேட்டிருக்க வழியில்லை.

6

அபி எழும்பிப் போனாள். கொஞ்ச நேரத்தில் அவள் சாப்பாட்டு வரிசையின் முன்னுக்கு நின்று யாரோடோ வாக்குவாதப்படுவது கேட்டது.

“அங்கிள், பாடின ஆக்களுக்குச் சாப்பாடு குடுத்தீங்களா?”

“அவையள் வெள்ளையள் பிள்ளை, உறைக்கும் எண்டு விட்டிட்டம். தண்ணிப் போத்தில் குடுத்தது.”

“கேட்டுப் பார்த்தீங்களா?”

“எல்லாரையும் கேட்டுக்கொண்டு நிக்கேலுமோ?”

இரண்டு பெரிய தட்டில் புரியாணியும் றோல்ஸும் அள்ளிக்கொண்டு அவள் மணப்பெண் அறைக்குப் போனாள். நானும் பின்னால் போனேன், ஆனால் கதவடி மட்டும். கண்ணாடிக்கு முன்னால் வெறுந் தண்ணிப் போத்தில்கள் நிரையாக நின்றன. ஆட்கள் இல்லை. காலையில் இருந்து காத்திருந்தவர்கள் சாப்பிட்டுப் போங்கோ என்று எங்களுக்குப் பாடிவிட்டுச் சாப்பிடாமல் போய்விட்டார்கள்.

அபி தட்டுகளை மேசையில் வைத்தாள். “ஏன் அப்பா சிரிச்சனீங்கள்?” என்று கேட்டாள். கோபமாகக் கேட்டிருந்தால் நானும் கோபித்திருப்பேன். உண்மையாகவே தெரியாமல் கேட்டாள்.

“சும்மா… நந்தன் அண்ணை பகிடி விட்டவர்.”

“வட் வோஸ் த ஜோக்?”

அந்தப் பகிடியை அவளுக்கு விளங்கப்படுத்துவதென்றால் முதலில் கிணற்றடிப் பேணியில் இருந்து தொடங்கவேண்டும். அவளுக்கு இருபத்தாறு வயது. இவ்வளவு காலமும் அது தெரியாமல் வளர்ந்திருக்கிறாள். அதை என் வாயால் கொடுப்பதா?

அன்றிலிருந்து அவள் என்னோடு இங்கிலிஷில்தான் பேசுகிறாள். மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை. குட் மோர்ணிங் சொல்கிறாள், மருந்து எடுத்தாச்சா என்று கேட்கிறாள். தாயோடு தமிழ், என்னோடு இங்கிலிஷ். பிள்ளைகள் இங்கே மொழியை விட்டுத் தூரப் போகிறார்கள் என்று நான் முன்பு இரண்டு குறிப்பு எழுதியிருக்கிறேன். பள்ளிக்கூடத்தையும் ரீவியையும் குற்றம் சொல்லியிருந்தேன்.

7

வால்ற்றர் அன்றைக்குப் பின்னேரமே செய்தி அனுப்பினார்: “நாங்கள் சமாளித்துவிட்டோம். நீ ஓய்வெடு.” அந்தச் செவ்வாய் நான் பயிற்சிக்குப் போகவில்லை. புதன்கிழமை அவர் போனில் கூப்பிட்டு, வயிறு எப்படி என்று விசாரித்தார். இஞ்சித் தேத்தண்ணி குடிக்கச் சொன்னார்.

அடுத்த செவ்வாயும் நான் போகாமல் இருக்கப் பார்த்தேன். கமலா வேஸ்ற்கோட்டை என் மடியில் போட்டாள். “இஞ்சருங்கோ, வீட்டில இருந்து மூஞ்சையை நீட்டாதேங்கோ. போய்ச் சொல்லிப்போட்டு வாங்கோ.”

“என்னெண்டு சொல்லுறது?”

“சிரிக்கேக்க என்னெண்டு தெரிஞ்சுது?”

போனேன். மண்டபத்துக்குள் கால் வைத்ததும் கைதட்டினார்கள். முப்பது பேரும் கையெழுத்துப் போட்ட அட்டை ஒன்றை வால்ற்றர் தந்தார். சுகமாகி வா என்று இருந்தது. ஒருவர் என் பெயரைத் தமிழில் எழுதப் பார்த்து, சி-யின் விசிறியைத் தலைகீழாகப் போட்டிருந்தார். நன்றி சொல்லி வாங்கிக்கொண்டேன். சொல்ல வந்ததைச் சொல்லவில்லை. மேல் படியில் ஜோர்ஜுக்குப் பக்கத்தில் ஏறி நின்று முக்கால் மணித்தியாலம் பாடினேன். அவர் ஒன்றும் வித்தியாசமாக நடக்கவில்லை. பாட்டு வரிகள் எழுதிய பக்கத்தைப் புரட்டக் கூட உதவினார்.

இடைவேளையில் மற்றவர்கள் தேத்தண்ணிக்குப் போக, ஜோர்ஜ் கீழ்ப் படியில் என் பக்கத்தில் இருந்தார்.

“உனக்கு வயிற்றில ஒண்டும் இல்லை” என்றார். “வால்ற்றருக்குத் தெரியாது. அவர் சனத்துக்கு முதுகு காட்டி நிக்கிற ஆள். எனக்கு அப்பிடியில்லை. மேல் படியில நிண்டால் எல்லா மேசையும் தெரியும், சிவா. நீ சிரிச்சதையும் பார்த்தனான்.”

எனக்குத் தெரிந்த முதல் சொல், அந்தச் சொறி, வாய்வரை வந்தது. விழுங்கினேன். அது இதற்குக் காணாது.

“நான் பிழையாச் சொன்னனானோ?” என்று கேட்டார். “அதுக்கோ சிரிச்சனீ? வீட்டுக்குப் போய் ஒரு கிழமையாச் சொல்லிச் சொல்லிப் பார்த்தன். எது பிழை எண்டு கண்டுபிடிக்க ஏலாமல் இருக்கு.”

அதில் எனக்கு ஒரு கதவு திறந்திருந்தது. ஓம், “ட்டு” கொஞ்சம் பிழை, அதுதான் சிரிப்பு வந்தது என்று சொல்லியிருந்தால் அவர் நம்பியிருப்பார். இருவரும் சேர்ந்து திருத்தியிருப்போம்.

“இல்லை, ஜோர்ஜ். நீங்கள் சரியாத்தான் பாடினீங்கள்” என்றேன்.

பிறகு சொன்னேன். எனக்குத் தெரிந்த இங்கிலிஷில், ஒழுங்கில்லாமல், முன்னுக்குப் பின்னாக. எங்கள் ஊரில் முடி வெட்டுகிறவர்களை நாங்கள் எங்கே நிறுத்தி வைத்தோம் என்பதை. நான் எட்டு வயதில் ஒரு பெரிய மனிதரை எப்படிக் கூப்பிட்டேன் என்பதை. எங்கள் மேசையில் என்ன பகிடி நடந்தது என்பதை. எட்டு வருடமாக இந்த மண்டபத்துக்கு நான் பின்கதவால் வந்ததை. “உங்கட பக்கத்தில நிக்கிறதை என்ர ஆக்கள் பார்க்கக் கூடாது எண்டு நினைச்சனான்” என்றேன். சிரிக்கும்போது சலூன் வைத்திருந்த தன் அப்பாவின் நினைவு எனக்கு வந்ததா என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால், வந்தது, வந்தும் சிரித்தேன் என்றுதான் சொல்லியிருப்பேன்.

ஜோர்ஜ் கடைசிவரை கேட்டார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. மற்றவர்கள் திரும்பிப் படிகளில் ஏறத் தொடங்கியிருந்தார்கள். நானும் எழும்பினேன்.

“நீ ஏறாதை” என்றார்.

சுவரோடு அடுக்கியிருந்த கதிரைகளில் ஒன்றை இழுத்து வந்து, குழுவுக்கு முன்னால், நட்ட நடுவில் வைத்தார். என் தோளில் கைவைத்து அதில் இருத்தினார். வால்ற்றர், “என்ன விசயம், ஜோர்ஜ்?” என்று கேட்டார்.

“அந்தத் தமிழ்ப் பாட்டு. நான்தான் தொடங்குவன். சிவா இண்டைக்குக் கேக்கட்டும். அண்டைக்குச் சத்தத்தில அவருக்கு ஒண்டும் கேட்டிருக்காது.”

முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக ஏறினார். உதவிக்குக் கை கொடுக்க ஒருவரையும் அவர் விடவில்லை. மேல் படியில் தன் இடத்தில் நின்று, வேஸ்ற்கோட்டின் பொத்தானைச் சரிபார்த்து, சுருதிக்காகக் காத்தார். வால்ற்றர் ஊதினார். ஜோர்ஜ் கண்ணை என்மேல் இருந்து எடுக்காமல், தனியாக, தொடங்கினார்.